குத்துச்சண்டையில் ‘இம்ப்ரொவைசேஷன்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தும்பி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். குத்துச்சண்டை பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே கட்டுரையில் ‘இம்ப்ரொவைசேஷன்’ 14 இடங்களில் வருகிறது. ‘முன்னேற்பாடின்றிச் செய்தல்’ என்பது விளக்கம், சொல் ஆகாது. பெயராகவும் நிற்க வேண்டும், வினைக்கு முன்னாலும் நிற்க வேண்டும்.

உரசிப் பார்க்க ஒரு காட்சி. 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம். அப்போதைய உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன் அதுவரை ஆடிய 40 சண்டைகளிலும் வெற்றி, அவற்றில் 37 நாக் அவுட். முதல் சுற்றில் முகமது அலி, ஜாப் (முன்கையால் போடும் விரைவான நேர்க்குத்து) போட்டு வழி திறக்காமல் நேராக வலக்கையை வீசுகிறார். வலக்கை பின்னால் இருப்பது, கூடுதல் தூரம் வரவேண்டும், எதிராளி பார்த்துவிடலாம். அதனால் பெரிய சண்டைகளில் அதை முதல் குத்தாக வைக்கத் தயங்குவார்கள். இரண்டாம் சுற்றில் அலி கயிற்றில் போய்ச் சாய்ந்துகொள்கிறார். பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ கயிற்றை விட்டு வரச்சொல்லி மூலையிலிருந்து கத்துகிறார். அலி வரவில்லை. எட்டாம் சுற்றில் ஃபோர்மன் விழுந்தார். இதை என்ன என்று சொல்வது?

கடம்பன் எழுதியது:

சமயோசிதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். தேடுவானேன்?

செங்கோடன் எழுதியது:

புரிகிறது என்பதற்காக வடசொல்லை வைத்துக்கொண்டால் இந்தக் கலைச்சொல் குழு எதற்கு? களத்தில் ஆக்குவது ‘களவாக்கம்’. ‘மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்’ என்பது நன்னூல். மரம் + அடி மரவடி ஆவதுபோல, களம் + ஆக்கம் களவாக்கம்.

தவிர, சமயோசிதம் என்றால் வந்த இடரைச் சமாளிப்பது. பேருந்தில் பிரேக் பிடிக்காதபோது ஓட்டுநர் செய்வது சமயோசிதம். அலி புதிதாக ஒன்றை உண்டாக்கினார். அந்த ‘ஆக்கம்’ சொல்லில் இருந்தே ஆகவேண்டும்.

நெய்தல் எழுதியது:

ஐயா, புணர்ச்சி சரிதான். ஆனால் படிப்பவர் கண்ணில் களவு + ஆக்கம் என்றுதான் விழும். திருட்டுத் தயாரிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

செங்கோடன் எழுதியது:

அத்துச்சாரியை சேர்த்தால் போயிற்று: களத்தாக்கம்.

நெய்தல் எழுதியது:

அது ‘களத் தாக்கம்’ ஆகிவிடுகிறதே ஐயா! குத்துச்சண்டைக் கட்டுரையில் தாக்கம் என்று எழுதினால் அடி விழுந்தது என்றே பொருள் கொள்வார்கள். இரண்டு பக்கமும் முட்டுகிறது.

பூங்குன்றம் எழுதியது:

தமிழில் இதற்கென்றே ஒரு மரபு உண்டு. ஆசுகவி. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நால்வகைக் கவியில் முதலாவது. ஈற்றடியை ஒருவர் கொடுக்க, நின்ற நிலையில் பாடுவது. காளமேகத்தைத் தெரியாதவர் உண்டா? ரிங்கில் ஈற்றடி கொடுப்பவர் எதிராளி. 1980 நவம்பர் 25, நியூ ஆர்லியன்ஸ், ஏழாம் சுற்று. சுகர் ரே லெனார்ட் வலக்கையைப் பெரிய வட்டமாகச் சுழற்றுகிறார். ரொபெர்ட்டோ டுரானின் கண் அந்த வலக்கையோடு போகிறது. இடக்கை ஜாப் முகத்தில் வந்து விழுகிறது. அடுத்த சுற்றில் டுரான் சண்டையையே விட்டுவிட்டார். டுரான் அந்தக் கையைப் பார்த்திராவிட்டால் அந்தக் குத்து இல்லை. எனவே ‘ஆசுக்குத்து’, ‘ஆசாக வீசினார்’.

அந்தச் சுழற்றலுக்குப் போலோ என்று பெயர். பிலிப்பைன்ஸில் போலோ என்றால் வெட்டுக்கத்தி. அந்நாட்டுக் குத்துச்சண்டை வீரர் செஃபெரினோ கார்சியாவின் கையால் பெயர்பெற்றது; பிறகு கியூபா வீரர் கிட் கவிலானுக்குக் கரும்பு வெட்டிய பழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். ஆகவே ‘அரிவாள் வீச்சு’ என்றே எழுதலாம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், தும்பி.

செங்கோடன் எழுதியது:

ஆசு, விரைவைக் குறிக்கும் வடமொழி ‘ஆஶு’. நல்ல தமிழில் ஆசு என்றால் குற்றம். ‘ஆசற’ என்றால் குற்றமில்லாமல். குத்துச்சண்டையில் ‘ஆசுக்குத்து’ என்று எழுதினால் ஃபவுல் என்றல்லவா ஆகும்? இடுப்புக்குக் கீழே அடித்தார் என்று நடுவரே புள்ளி வெட்டுவார்.

கடம்பன் எழுதியது:

அரிவாள் வீச்சு அருமை. அதை வைத்துக்கொள்ளலாம். லெனார்ட் செய்ததற்கு நம் பிள்ளைகள் சொல்வது ‘பாவ்லா காட்டுவது’. அதையும் ‘பொய்க்குத்து’ என்று மாற்றிவிடாதீர்கள். தோளை அசைப்பது, முழங்காலைத் தாழ்த்துவது, விலாவைப் பார்த்துவிட்டு முகத்தில் அடிப்பது எல்லாம் பாவ்லாதான். குத்தே இல்லாத இடத்தில் பொய்க்குத்து எப்படிப் பொருந்தும்?

செங்கோடன் எழுதியது:

போக்குக் காட்டுதல் என்று நல்ல தமிழ் இருக்கிறது. சரி, கயிற்று உத்திக்கு வருவோம். குறள் 486: ‘ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.’ சண்டைக் கடா பின்வாங்குவது பாய்வதற்கே. ‘கயிற்றொடுக்கம்’.

நெய்தல் எழுதியது:

கடா தன் பலத்தைச் சேர்க்கப் பின்வாங்குகிறது, ஐயா. அலி எதிராளியின் பலத்தைச் செலவழிக்க வைத்தார். கயிறு தளர்ந்திருந்ததால் இடுப்புக்கு மேலே பின்னால் வளைய இடம் கிடைத்தது. இறுக்கமான கயிறு என்றால் முன்னால் தள்ளி, குத்துக்கே கொண்டுபோய் விடும். கையுறை இரண்டும் முகத்தோரம், முழங்கை விலாவோடு ஒட்டி. ஒரு முழங்கை விரிந்தால் குத்து கல்லீரலில் இறங்கும். இடையிடையே கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்துவார். 25 வயது ஃபோர்மனின் கழுத்தும் தோளும் அந்தக் கனத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். திருப்பி அடிக்காமல் சும்மா சாய்ந்திருந்தால் நடுவர் சண்டையை நிறுத்திவிடுவார். அதனால் ஃபோர்மன் வீசி முடிக்கும் கணத்தில் இரண்டு மூன்று நேர்க்குத்து. இது ஒடுக்கம் இல்லை, ஓய்த்தல். ‘கயிற்றோய்ப்பு’ என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கயல் எழுதியது:

நெய்தல் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பயிற்சி முகாமிலேயே அலி கயிற்றில் சாய்ந்து ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூட்டாளிகளின் குத்தை வாங்கிப் பழகியவர். அன்றைக்கு எப்போது, எத்தனை சுற்று என்பதுதான் அந்தக் கணத்தில் பிறந்தது. கர்நாடக இசையில் நிரவல் (ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுதல்) பாடுகிறவர் ராகத்தை அங்கே கண்டுபிடிப்பதில்லை. பல ஆண்டுச் சாதகத்தில் (பாட்டுப் பயிற்சியில்) இருப்பதிலிருந்துதான் எடுக்கிறார். இதற்கு அங்கே மனோதர்மம் என்ற சொல் புழங்குகிறது. பெயராக நிற்கிறது, ‘மனோதர்மமாக’ என்றும் வரும். வடசொல்தான், ஐயா. ஆனால் முன்னேற்பாடு இல்லாததுபோல் தெரிவதற்குள் எவ்வளவு சாதகம் இருக்கிறது என்பதைச் சொல்கிற சொல் எனக்கு வேறு தெரியவில்லை.

கடம்பன் எழுதியது:

சபாவில் உட்காராதவருக்கு மனோதர்மம் புரியுமா, அம்மா? வடசென்னையில் கையுறை மாட்டுகிற பையன்தான் இந்தப் புத்தகத்தை வாங்கப்போகிறான்.

தும்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதுவரை வந்த வாக்குகள்: மனோதர்மத்துக்கு 4, சமயோசிதத்துக்கு 3, களவாக்கத்துக்கு 1. சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு மனோதர்மம் என்று போட்டு அனுப்புகிறேன். அரிவாள் வீச்சு, பாவ்லா இரண்டும் அப்படியே இருக்கும். கயிற்றோய்ப்பு தலைப்பில் மட்டும். உள்ளே ‘கயிற்றில் சாய்ந்து ஓயவைத்தல்’.

பூங்குன்றம் எழுதியது:

தம்பி, அனுப்புங்கள். ஆனால் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் பக்கவாத்தியம் பாடுகிறவருக்குத் துணை. ரிங்கில் எதிரே நிற்பவர் அடுத்த அடியைக் கெடுக்கவே நிற்கிறார். அந்த எதிராளி மனோதர்மத்துக்குள் எங்கே இருக்கிறார்? அடுத்த பதிப்புக்கு முன் ‘ஆசு’ என்ற சொல்லை மறுபடி எடுப்போம். குற்றம் என்ற பொருளைத் தவிர்க்க ‘ஆசுவாக்கம்’ என்று நீட்டினால் செங்கோடன் ஐயா ஒத்துக்கொள்வாரா?

செங்கோடன் எழுதியது:

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆசு குற்றியலுகரம், ஆசு + ஆக்கம் ஆசாக்கம் ஆகுமே தவிர, அங்கே வகர உடம்படுமெய்க்கு வேலையில்லை.