வால்வு ஆபரேஷன்: ஹார்ட்-லங் மெஷின் ஓடும்போது கரண்ட் போனா?

காவேரிப்பட்டணத்தான்:
சித்திக்கு அடுத்த மாசம் பெங்களூருல மைட்ரல் வால்வு மாத்தறாங்க. வயசு 49, எடை 54 கிலோ, உயரம் 150 செ.மீ. ஹீமோகுளோபின் 10.5. சர்க்கரைக்கு 30/70 இன்சுலின் போடறாங்க. இதயத்தை நிறுத்திட்டு மெஷின்ல ஓட்டுவாங்களாம். நிறுத்தின இதயம் கெட்டுப்போகாதா? நடுவுல கரண்ட் போனா? முன்கூட்டியே நாங்க என்ன கவனிக்கணும்?

ஓசூர் பெர்ஃப்யூஷன்:
கரண்டை நினைச்சுக் கவலைப்படாதீங்க. மெஷினுக்குப் பேட்டரி இருக்கு. அதுவும் கைவிட்டா பம்பைக் கையால சுத்த கிராங்க் பக்கத்துலயே தொங்கும்.

உண்மையில கண் வைக்க வேண்டிய இடம் ரிசர்வாயர், அதாவது ரத்தம் சேர்ற டப்பா. மேல், கீழ் பெருஞ்சிரைகள்ல போட்ட இரண்டு குழாய் வழியா ரத்தம் தானா இறங்கி இந்த டப்பாவுக்கு வரும். அங்கிருந்து பம்ப் தள்ளி, ரத்தத்துல ஆக்சிஜன் ஏத்தற ஆக்சிஜனேட்டர், ஃபில்டர் தாண்டி மகாதமனிக்கு (இதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய்) போகும். சித்தியோட உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் வருது. சதுர மீட்டருக்கு 2.4 லிட்டர்னு வெச்சா நிமிஷத்துக்கு 3.6 லிட்டர், அதாவது நொடிக்கு 60 மில்லி. டப்பாவுல 600 மில்லி இருக்கும்போது சிரைக் குழாய் மடங்கி வரத்து நின்னா, பத்தே நொடியில காலி. அப்புறம் பம்ப் காத்தைத்தான் தள்ளும், அது நேரா மூளைக்குப் போகலாம். அதனாலதான் அளவு குறைஞ்சா அலறும் சென்சாரும், குமிழி கண்டுபிடிக்கும் சென்சாரும் வெச்சிருக்கோம். அப்படியும் காத்து போச்சுன்னா பம்பை நிறுத்தி, குழாயைக் கிளாம்ப் பண்ணி, தலைப்பக்கத்தைத் தாழ்த்திடணும்.

இன்னொண்ணு ஹெபாரின், ரத்தம் உறையாம தடுக்கற மருந்து. ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டா உறையும். கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட், இவங்களுக்கு 16,200 முதல் 21,600 வரை. உறையும் நேரம் (ஏசிடி) 480 நொடியைத் தாண்டினாத்தான் பெரும்பாலான இடங்கள்ல பம்பை ஓட்டுவாங்க. சிலருக்கு ஹெபாரின் எவ்வளவு போட்டாலும் அந்த நேரம் ஏறாது. ஹெபாரின் வேலை செய்யத் தேவையான ஆன்டித்ராம்பின்ங்கிற ரத்தப் புரதம் குறைவா இருக்கறது முக்கியக் காரணம், அப்போ பிளாஸ்மா ஏத்தணும்.

தர்மபுரி மயக்கவியல்:
இதயம் கெடாம இருக்கக் காரணம் கார்டியோபிளீஜியா. மகாதமனியைக் கிளாம்ப் பண்ணினதும், பொட்டாசியம் கலந்த சுமார் 4 டிகிரி குளிர் திரவம் இதயத்தோட சொந்த ரத்தக்குழாய்க்குள்ள போகும். துடிப்பு நின்னுடும், ஆக்சிஜன் தேவையும் ரொம்பக் குறைஞ்சுடும். ரத்தம் கலந்த வகைன்னா சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும். டெல் நிடோங்கிற இன்னொரு வகைன்னா ஒரே டோஸ் 60 முதல் 90 நிமிஷம் தாங்கும்.

எனக்குக் கடைசிக் கட்டம்தான் பதட்டமானது. வால்வு மாத்தறப்ப இதயத்தைத் திறக்கறதால உள்ள காத்து தங்கும். நெஞ்சுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு விட்டு, உணவுக்குழாய் வழி எக்கோவுல பார்த்து, குமிழி தீர்ற வரைக்கும் உறிஞ்சணும். சூடேத்தறதுலயும் அவசரம் கூடாது, ஆக்சிஜனேட்டர்ல இருந்து வர்ற ரத்தம் 37 டிகிரியைத் தாண்டினா மூளைக்குக் கெடுதல். பம்பை விட்டு வெளிய வந்ததும் ஹெபாரினை முறிக்க புரோட்டமின் மெதுவா போடணும், வேகமா போட்டா பிரஷர் இறங்கிடும்.

இங்கதான் இன்சுலின் விஷயம் வருது. 30/70-ல உள்ள 70 பங்குலயும் புரோட்டமின் இருக்கு. வருஷக்கணக்கா போட்டவங்களுக்கு ஒவ்வாமை வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எத்தனை வருஷமா போடறாங்கன்னு மயக்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. புரோட்டமினை மீன்ல இருந்து எடுக்கறதால, மீன் ஒத்துக்காதுன்னாலும் சொல்லணும்.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றிங்க. ரத்தம் ஏத்த வேண்டி வருமா?

ஓசூர் பெர்ஃப்யூஷன்:
வர வாய்ப்பு உண்டு. உடம்புல ரத்தம் சுமார் 3.5 லிட்டர். மெஷினை நிரப்பற திரவம் 1.2 லிட்டர்னா, அது கலந்து ஹீமோகுளோபின் 10.5-ல இருந்து 7.8 ஆகிடும். இரும்புச்சத்துக் குறையான்னு ஃபெரிட்டின்ங்கிற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்க. குறைன்னா ஒரு மாசம் இருக்கு, டாக்டர் இரும்புச்சத்தை ஊசியா கூடப் போடுவார்.

தர்மபுரி மயக்கவியல்:
ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறாங்கன்னா பொதுவா அஞ்சு நாள் முன்ன நிறுத்துவாங்க, தேதியை டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்தாதீங்க. டாபாகிளிஃப்ளோசின்ங்கிற சர்க்கரை மாத்திரை இருந்தா மூணு நாள் முன்னவே நிறுத்தணும், அதையும் கேட்டுக்குங்க. சொத்தைப் பல் இருந்தா இந்த வாரமே பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அதுல இருந்து கிருமி புது வால்வுல போய் ஒட்டினா வைத்தியம் கஷ்டம்.