அம்மாவுக்கு ஆர்.ஏ. (முடக்குவாதம்), சித்திக்கு லூபஸ், எனக்கு "டென்ஷன்"ங்கறாங்க. யார்கிட்ட போய் காட்டறது?

கெடிலக்கரை:
வணக்கம். நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வயசு 28, ஸ்கூல் டீச்சர். போன ஆடில இருந்து உடம்பு ஒரு மாதிரியாவே இருக்கு. காலைல எழுந்தா ரெண்டு கை விரலும் மடங்காது, பேஸ்ட் மூடியைக்கூட திருக முடியாம தம்பிய கூப்பிடறேன், வெந்நீர்ல கைய வச்சு வச்சு எட்டு ஒன்பது மணிக்கு தான் ஒரு வழிக்கு வருது. சாயந்திரமானா உடம்பு சுடும், தர்மாமீட்டர் வச்சா 99.5, "இதெல்லாம் ஒரு காய்ச்சலாம்மா"ன்னு கேக்கறாங்க. முடி கொத்துக்கொத்தா வருது, அதுக்கு ஒரு மாத்திரை சாப்டுட்டிருக்கேன். மேலண்ணத்துல புண்ணு இருக்கறதே பல் டாக்டர் சொல்லி தான் தெரிஞ்சது, வலியே இல்ல. ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு கிரவுண்ட்ல நின்னுட்டு வந்தேன், ரெண்டு கன்னமும் மூக்குத்தண்டும் செவந்து ஒரு வாரம் இருந்துச்சு.

அம்மாவுக்கு ரொம்ப வருஷமா ஆர்.ஏ., விரலெல்லாம் கோணிப்போச்சு. சித்திக்கு லூபஸ் (எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்ப தாக்கற நோயாம்), பெரியம்மாவுக்கு தைராய்டு. இதெல்லாம் சொன்னாலும் டாக்டருங்க காதுலயே வாங்கல. ஒருத்தர் டென்ஷன்னார், இன்னொருத்தர் கல்யாணம் ஆனா சரியாயிடும்னார் (எந்த புக்குல போட்டிருக்கோ), வேற ஒருத்தர் ஒரு ஊசி போட்டார், ரெண்டு நாள் பறந்தேன், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி தான்.

ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 9.8, இ.எஸ்.ஆர். 48, சி.ஆர்.பி. நார்மல் (ரெண்டும் உள்ள அழற்சி இருக்கான்னு பாக்கறதாம்), ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஏ.என்.ஏ. (லூபஸ் மாதிரி நோய்க்கு பாக்கற ரத்த டெஸ்ட்) எலைசா முறைல "பார்டர்லைன்", டி.எஸ்.எச். (தைராய்டு டெஸ்ட்) 0.2. அது குறைஞ்சா தைராய்டு ஜாஸ்தின்னு அர்த்தமாம், அதுக்கு வேற மாத்திரை எழுதிட்டாங்க, இன்னும் ஆரம்பிக்கல. குடும்பத்துல இருந்தா கண்டிப்பா வந்துடுமா? அம்மா வெளிய யார்கிட்டயும் சொல்லாதேங்கறாங்க, வரன் பாத்துட்டிருக்காங்க அதான்.

பண்ருட்டி அக்கா:
டென்ஷனுக்கு மேலண்ணத்துல வலியில்லாத புண்ணு வராதும்மா. எனக்கு லூபஸ், அதனால சொல்றேன், ஆனா உனக்கும் அதான்னு நான் சொல்ல முடியாது. நீ பாக்க வேண்டியது ருமட்டாலஜிஸ்ட், மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்க்கான ஸ்பெஷலிஸ்ட். பாண்டி கோரிமேடு ஜிப்மர்ல இதுக்குன்னே கிளினிக்கல் இம்யூனாலஜின்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கு. மஞ்சக்குப்பம் ஜி.எச்.ல மெடிசின் டாக்டர்கிட்ட நிலைமைய சொல்லி ரெஃபரல் லெட்டர் வாங்கிட்டு போ, எந்த கிழமை அவங்க ஓ.பி.ன்னு முன்னாடியே விசாரிச்சுக்கோ, காலைல சீக்கிரமா போயிடு, கூட்டம் எப்பவும் இருக்கும்.

அதுவரைக்கும் யார் போட வந்தாலும் அந்த ஊசி வேணாம். ரெண்டு நாள்ல பறக்க வச்சுதுன்னா அது பெரும்பாலும் ஸ்டீராய்டா தான் இருக்கும், வீக்கமும் செவப்பும் அடங்கிடும், ஸ்பெஷலிஸ்ட் முன்னாடி போய் உக்காரும்போது காட்ட ஒண்ணும் இருக்காது. இந்த நோயெல்லாம் வரும் போகும், நாம போற அன்னிக்குன்னு பாத்து கன்னம் பளிச்சுனு இருக்கும். அதனால செவந்தா உடனே ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடு. மூக்குக்கு ரெண்டு பக்கமும் உதடு வரைக்கும் ஒரு மடிப்பு போகுது பாரு, செவப்பு அந்த மடிப்புக்குள்ள இறங்கியிருக்கா விட்டுப்போயிருக்கான்னு டாக்டர் பாப்பாங்க, லூபஸ்னா சாதாரணமா அந்த இடத்த விட்டுடும். விரல் எத்தன மணிக்கு இளகுச்சுன்னு காலண்டர்லயே குறிச்சு வை. சித்தியோட டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் ஒண்ணு வாங்கு, "எங்க சித்திக்கு லூபஸ்"னு வாயால சொல்றதுக்கும் பேப்பர நீட்டறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சில்வர்பீச் லேப்:
சகோதரி, நான் லேப் டெக்னீஷியன், ஒரு கேள்வி. முடிக்கு சாப்பிடற மாத்திரைல பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) இருக்கா? அட்டைய திருப்பி பாருங்க, 5 மில்லிகிராம் 10 மில்லிகிராம்னு போட்டிருக்கும். சில மெஷின்ல பயோட்டின் உள்ள பூந்து டி.எஸ்.எச்.ச பொய்யா குறைச்சும் டி4ங்கற தைராய்டு ஹார்மோன பொய்யா ஏத்தியும் காட்டிடும், அமெரிக்காவுல மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ.வே 2017ல இதப்பத்தி எச்சரிச்சிருக்கு. தைராய்டு மாத்திரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதின டாக்டர்கிட்ட பயோட்டின் விஷயத்த சொல்லுங்க, ரெண்டு மூணு நாள் அத நிறுத்திட்டு திரும்ப டெஸ்ட் எடுக்க சொல்வாங்க.

ஏ.என்.ஏ. எலைசால எடுத்தது பத்தாது, இம்யூனோஃப்ளோரசன்ஸ்னு கேட்டு எடுங்க, அதுல தான் டைட்டரும் (ரத்தத்த எத்தன மடங்கு கரைச்சாலும் தெரியுதுங்கற அளவு) பேட்டர்னும் வரும். 2019ல வந்த லூபஸ் அளவுகோல்படி டைட்டர் 1:80ஆவது இருந்தா தான் மத்ததையே கணக்குல எடுப்பாங்க. அதே சமயம் நல்லா இருக்கறவங்கள்லயே நூத்துக்கு பத்து பன்னெண்டு பேருக்கு 1:80 வரும், அதனால பாசிட்டிவ்னு வந்தா அழுதுட்டு உக்காராதீங்க. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்னாலும் ஆர்.ஏ. இருக்கலாம், ஆன்டி சி.சி.பி.ன்னு ஆர்.ஏ.வுக்கான இன்னொரு ரத்த டெஸ்ட்டும் பாக்கணும். சி.ஆர்.பி. நார்மல்னு விட்டுட்டாங்க போல, லூபஸ்ல இ.எஸ்.ஆர். ஏறி சி.ஆர்.பி. ஏறாமலே இருக்கறது சகஜம். உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கறதாலயும் இ.எஸ்.ஆர். கொஞ்சம் ஏறும். எல்லாத்தையும் விட முக்கியம் யூரின், லிஸ்ட்ல அதையே காணோமே?

மூலிகை முத்து:
தங்கச்சி இதெல்லாம் உடம்பு சூடும் எதிர்ப்பு சக்தி குறைவும் தான். சீந்தில் சூரணம் ஒரு மண்டலம் சாப்பிடு, கத்திரிக்காய் கருவாடு நிறுத்து, டெஸ்ட்டுக்கு கொட்டற காச மிச்சம் பண்ணு.

பண்ருட்டி அக்கா:
அண்ணே, கோச்சுக்காதீங்க. எதிர்ப்பு சக்தி குறைஞ்சு வர்ற நோய் இல்ல இது, அந்த சக்தியே நம்ம உடம்ப அடிக்கறதால வர்றது (இதத்தான் ஆட்டோ இம்யூன்னு சொல்வாங்க), அத இன்னும் ஏத்தி விடறேன்னா எப்படி? சீந்தில் சாப்ட்டு ஈரல் பாதிச்சவங்கள பத்தி மும்பை டாக்டருங்க 2021ல எழுதினாங்க, அதுல ஆட்டோ இம்யூன் பக்கம் சாய்ஞ்ச உடம்புக்காரங்களும் இருந்தாங்க. ஆயுஷ் அமைச்சகம் அத ஒத்துக்கல, சரி, ஆனா இன்னும் என்னன்னே தெரியாத பொண்ணுக்கு எதுக்கு அந்த பரீட்சை. கருவாடு அவங்கவங்க இஷ்டம்.

முதுநகர் பையன்:
எங்க அக்காவுக்கும் இதே மாதிரி விரல் வீக்கம், எங்க ஆயாவுக்கு ஆர்.ஏ. இருந்ததால வீடே அது தான்னு முடிவு பண்ணிடுச்சு. கடைசில பாத்தா சிக்குன்குனியா, காய்ச்சல் விட்டும் மாசக்கணக்கா மூட்டு பிடிச்சுட்டு இருந்திருக்கு, தானா போயிடுச்சு. உங்களுக்கு முதல்ல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சான்னு யோசிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கூட தான், ஆனா கண்டிப்பா வரும்னு இல்ல. ஒரே மாதிரி பிறக்கற ரெட்டைப்பிள்ளைங்கள்லயே ஒருத்தருக்கு ஆர்.ஏ. வந்தா இன்னொருத்தருக்கும் வர்றது சுமார் 15 சதவீதம் தான்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாத்திரை அட்டைய பாத்தேன், பயோட்டின் 10 மில்லிகிராம்! தைராய்டுக்கு எழுதின டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், நிறுத்திட்டு திரும்ப எடுக்கலாம்னு அவரே சொன்னார். பெரிய காய்ச்சல் எதுவும் வரல. யூரின் இன்னிக்கு குடுத்தேன், ப்ரோட்டீன் 1+னு வந்திருக்கு. பொங்கல் லீவு வருது, அப்ப போனா ஸ்கூல்ல லீவு கேக்க வேணாமேன்னு பாக்கறேன். வரன் விஷயத்துக்கு தான் யாரும் பதில் சொல்லல.

சில்வர்பீச் லேப்:
பொங்கல் வரைக்கும்லாம் வேணாம், இந்த வாரமே போங்க. 1+ ஒரு தடவை வந்தா இன்ஃபெக்ஷனாவும் இருக்கலாம், பீரியட்ஸ் சமயமா இருந்தாலும் வரும், ஆனா உங்க மத்த தொந்தரவோட சேத்து பாக்கும்போது கிட்னியானு உடனே பாத்தாகணும். லூபஸ் கிட்னிய தொடும்போது வலிக்காது, ஆரம்பத்துல யூரின்ல மட்டும் தான் தெரியும். யூரின்ல ப்ரோட்டீன் கிரியாட்டினின் ரேஷியோ (எவ்வளவு ப்ரோட்டீன் போகுதுன்னு), ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு) ரெண்டும் எடுக்க சொல்வாங்க. கால் வீங்கினாலோ யூரின் நுரைச்சுட்டு போனாலோ ஓ.பி. நாளெல்லாம் பாக்காம எமர்ஜென்சிக்கே போயிடுங்க.

பண்ருட்டி அக்கா:
மொதல்ல என்ன நோய்னு தெரியட்டும், வரனுக்கு என்ன சொல்றதுன்னு அப்புறம் பேசலாம். ஆனா மறைச்சு மட்டும் பண்ணாத, லூபஸ்னா பிள்ளை உண்டாகறதக்கூட நோய் அடங்கியிருக்கற நேரமா பாத்து டாக்டர கேட்டு தான் செய்யணும், கூட இருக்கறவருக்கு தெரியாம அது நடக்காது. எனக்கு ரெண்டு பசங்க, அம்மாகிட்ட சொல்லு. ஸ்கூல் லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வாங்கிக்கோ, பாண்டில எறங்கினதும் கோரிமேடு டவுன் பஸ் பிடி, வெயில்ல நிக்காத, குடை எடுத்துட்டு போ.