ஒண்ணு ரெண்டு எண்ணப்போய் மாட்டிக்கொண்ட கதை: சமஸ்கிருதம் உங்களையும் எங்காவது மடக்கியிருக்கிறதா?

ராஜாக்கமங்கலம் கடலோடி

கப்பலில் ஃபிட்டர் வேலை. போன ஒப்பந்தத்தில் செகண்ட் எஞ்சினியர் லிதுவேனியாக்காரர். ஒரு பம்பைப் பிரித்து, கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் தன் மொழியில் எண்ணிக்கொண்டே வந்தார். முதல் நாலைந்து எண் எனக்கு வெறும் சத்தம்தான். அப்புறம் "செப்தீனி, அஷ்துவனி, தெவீனி, தேஷிம்த்" என்றார் பாருங்கள், ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டேன். சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி! "அஷ்டமியில் எங்கேயும் புறப்படாதே மக்கா" என்று காலண்டரைப் பார்த்துப் பாட்டா சொல்வாரே, அதே வரிசை.

நான் முழிப்பதைப் பார்த்து அவருக்கு ஒரே உற்சாகம். தங்கள் மொழியும் சமஸ்கிருதமும் உறவு என்று பள்ளியிலேயே கேள்விப்பட்டிருக்கிறாராம். "உன் பாஷையில் எண்ணு" என்றார். எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... எதுவும் பொருந்தவில்லை. எட்டு வந்தபோது மட்டும் முகம் மலர்ந்தது. ஒன்பது, பத்தில் மறுபடி வாடிவிட்டது. "நீ இந்தியன்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலண்டரில் ஒரு எண் வரிசை, வாயில் வேறொரு வரிசை ஏன் என்று என் இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. போல்ட் எண்ணிக்கையும் தப்பிப்போய் மறுபடி எண்ணினோம். இறங்கி வந்து ஐந்து மாதம் ஆகிறது, அந்தக் கேள்வி இன்னும் குடைகிறது.

கருங்கல் சந்தை

துபாயில் ஈரானியர் கடையில் எனக்கும் இதே கதைதான். ஏழுக்கு ஹஃப்த், எட்டுக்கு ஹஷ்த், பத்துக்கு தஹ். இந்திக்காரப் பையன்கள் வாரத்தை ஹஃப்தா என்கிறார்களே, அதுவும் இந்த ஏழுதான். சமஸ்கிருதத்தில் ச வரும் இடத்தில் பாரசீகத்தில் ஹ வரும் என்று அந்தக் கடைக்காரரே சொன்னார். சிந்து ஹிந்து ஆனதும் அப்படித்தானாம். கடன் பாக்கி இருந்ததால் மேற்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

மீன்காரி மகள்

எங்கள் அம்மா சந்தையில் மீன் விற்றவள். பக்கத்தில் ஒரு ஜோசியர் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் யாருக்கோ மீன ராசி பார்த்துவிட்டு, "மீனம் என்பது சுத்த சமஸ்கிருதம், தமிழன் அங்கிருந்து எடுத்துக்கொண்டான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியைச் சாய்த்து அவரிடம் காட்டி, "அப்போ இதுக்குள்ள கெடக்குறது என்னவாம்? எங்க ஆளுக இத்தனை நாளா பேரில்லாமலா புடிச்சானுக?" என்று கேட்டாள். சந்தையே சிரித்தது.

பிறகு கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது, அம்மா சொன்னது சரி. பர்ரோ, எமனோ என்ற இரு மொழியியலாளர்கள் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் மீன் இருக்கிறது. சமஸ்கிருத மீன, நீர இரண்டும் நம் பக்கமிருந்து போனவை என்பது பர்ரோவின் கணக்கு. அம்மாவிடம் சொன்னேன். "நாலு வருசம் பீஸ் கட்டினது இதுக்கா?" என்றாள்.

தமிழ்வேந்தன்_குமரி

கடலோடி அண்ணே, எட்டு என்றதும் அவர் முகம் ஏன் மலர்ந்தது என்று யோசித்தீர்களா? எட்டு, அஷ்ட, ஆங்கில எய்ட். எல்லாம் ஒன்றுதான். நம்மிடமிருந்து போனது. இதைச் சொல்ல வெட்கம் எதற்கு?

பக்தன் 1956

தலைகீழாகச் சொல்கிறீர்கள். சமஸ்கிருதம் தாய், லிதுவேனியன், லத்தீன், தமிழ் எல்லாம் பிள்ளைகள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

அதங்கோட்டு வாத்தியார்

என் சம்பவம் சின்னது. தொல்காப்பியம் அரங்கேறியது "அறங்கரை நாவின் நான்மறை முற்றிய அதங்கோட்டாசான்" முன்னால் என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் விளவங்கோட்டு அதங்கோடுதான் என்பது ஊர்க்காரர்கள் பிடிவாதம், எனக்கும் உண்டு. ஒரு முறை பத்தாம் வகுப்பில் பெருமையாக இதைச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுந்து, "சார், நாலு வேதம் படிச்ச ஆளு தமிழ் இலக்கணத்துக்கு எதுக்கு மார்க் போடணும்?" என்று கேட்டான். பெல் அடித்தது. தப்பித்தேன். அவ்வளவுதான்.

இப்போது மேலே எழுதிய இருவருக்கும்.

தமிழ்வேந்தன் தம்பி, எட்டை விட்டுவிடுங்கள். நம் எட்டின் வேர் எண். எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்லிப் பாருங்கள், ணகரம் தலைகாட்டும். கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. அஷ்ட அந்தப் பக்கம், எண் இந்தப் பக்கம். காதில் ஒன்றுபோல் விழுவது தற்செயல்.

பக்தன் அவர்களே, தாய் என்பதும் நிற்காது. 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் பேசியபோதே சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை, அந்த ஊற்று இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்றுதான் சொன்னார். அக்கா தங்கச்சி உறவு. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். லிதுவேனியனில் ஐந்து பெங்கி, நாலு கெதுரி. சமஸ்கிருதத்தில் பஞ்ச, சதுர். எ, இ மாதிரி உயிர் பின்னால் வந்தால் ககரம் சகரமாக வழுக்கிவிடும். கன்னடக்காரர் கிவி என்பதை நாம் செவி என்கிறோமே, அதே வழுக்கல். ஆனால் சதுரில் ச-வுக்குப் பின்னால் எகரம் எங்கே? ஒருகாலத்தில் இருந்தது, சகரத்தை உண்டாக்கிவிட்டுத் தானும் அகரமாகிவிட்டது. கெதுரியில் அந்த எகரம் இன்னும் இருக்கிறது, ககரமும் அப்படியே இருக்கிறது. மகள் மொழி, தாய் தொலைத்ததை எங்கிருந்து மீட்டெடுக்கும்?

தமிழையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். 1816-லேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களைப் பக்கம் பக்கமாக வைத்து இது தனிக் குடும்பம் என்று காட்டினார். நாற்பது வருடம் கழித்து, 1856-இல், அதை விரித்து எழுதிய கால்டுவெல் நமக்குப் பக்கத்து இடையன்குடியில் இருந்தவர். வடசொல்லை எடுப்பதானால் வடவெழுத்தை நீக்கி எடு என்று தொல்காப்பியர் விதி எழுதினார். கடன் வாங்கும் கணக்கு அன்றைக்கே தெளிவாக இருந்தது. பிள்ளை தாய்க்குக் கடன்சீட்டு எழுதுமா?

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் நாகரி எழுத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். நம் பக்கத்தில் அதைக் கிரந்தத்தில்தான் எழுதினார்கள். பாலினுஸ் என்ற பாதிரியார் கேரளத்துச் சித்தரூபம் என்ற சமஸ்கிருதப் பாடநூலை வைத்து 1790-இல் ரோமில் அச்சிட்ட இலக்கணம்தான் ஐரோப்பாவில் அச்சான முதல் சமஸ்கிருத இலக்கணம். அதிலும் எழுத்து தெற்கத்தி எழுத்துதான். தினம் அரை மணி, ஒரு ரூபம், வாய்விட்டு. காலையில் நல்லது. டீ குடிப்பதற்கு முன்பு.

தக்கலை கைத்தடி

சார், அனுபவம் கேட்டால் பீரியட் எடுத்துவிட்டீர்கள். டீக்கு முன்னாலயாம்!

என் கதை இது. மணிக்கட்டு பிசகி ஒரு வர்ம ஆசானிடம் போயிருந்தேன். அங்கே வந்திருந்த ஆயுர்வேத மாணவர், "வர்மம் என்பது மர்மம் என்ற சமஸ்கிருதச் சொல்லின் கொச்சை, சுஸ்ருதரிடம் 107 மர்மம் இருக்கிறது" என்றார். "எங்கிட்ட 108" என்று சொல்லிவிட்டு ஆசான் கட்டை இறுக்கினார். எனக்கு உயிர் போயிற்று.

வலி போனாலும் அந்தச் சொல் போகவில்லை. தேடினால் சமஸ்கிருதத்தில் இரண்டுமே இருக்கிறது. மர்மம் என்றால் உயிர்நிலை, வர்மம் என்றால் கவசம். ராஜாக்கள் பேரில் வரும் வர்மாவும் அந்தக் கவசம்தான். ரிக் வேதம் ஆறாம் மண்டலத்துப் போர்ப் பாட்டில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன: உன் மர்மங்களை வர்மத்தால் மூடுகிறேன். அப்படியானால் அடிபடுகிற இடத்துக்கு நாம் ஏன் கவசத்தின் பெயரைச் சொல்கிறோம்? ஓடிப்போய் ஆசானிடம் கேட்டேன். "மூடினா எண்ணெ எப்படிலே போடுவ?" என்றார்.

முஞ்சிறை பஸ்

பார்த்திபசேகரபுரம் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் அங்கே ஒரு வேதச் சாலை வைத்தான், 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்க. செப்பேடு இருக்கிறது. நண்பன் ஒருவன் டெல்லியிலிருந்து வந்திருந்தான், நம் ஊர் நாளந்தா என்று அளந்து கூட்டிப் போனேன். மழை. நடை சாத்தியிருந்தது. ஒரு மாடு நின்றது.

திண்ணையில் ஒதுங்கி நின்று, போனில் வைத்திருந்த செப்பேட்டு வாசகத்தைப் படித்துக் காட்டினேன். அது "கலியுகக் கோட்டு நாள்" என்று தமிழில் ஆரம்பித்து, முஞ்சிறைச் சபையாரிடம் உழக்குடிவிளை என்ற நிலத்தை மாற்றிக்கொண்டதைச் சொல்கிறது. அவன் நிறுத்தச் சொன்னான். "வேதம் படிக்கிற இடத்துக்கு ஆவணம் தமிழிலா?" எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை, நான் நின்றது விளை என்ற சொல்லில். என் வீட்டு விலாசத்திலும் ஒரு விளை இருக்கிறது. எத்தனை சாலை வந்து போனாலும் நிலத்துக்குப் பேர் வைத்தவன் மாறவில்லை. (வாத்தியார் சார், உங்கள் கடைசி பெஞ்சுப் பையனுக்கு இதையும் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் இரண்டையும் ஒரே ஆள் படித்திருப்பான்.)

ராஜாக்கமங்கலம் கடலோடி

வாத்தியார் சார், கெதுரி, சதுர் விஷயத்தைச் செகண்ட் எஞ்சினியருக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். என் இங்கிலீஷில் அது எப்படிப் போயிருக்குமோ. அரை மணியில் பதில் வந்தது, ஒரே சிரிப்பு. அடுத்த தடவை ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணலாம் என்கிறார்.

எட்டு தற்செயல் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. பாவம், மனுஷன் அந்த ஒன்றில்தான் சந்தோஷப்பட்டார்.