புதுப்பிப்பு: குத்துச்சண்டைக்கான மூச்சுத்திறன் பயிற்சி, சேலத்திலிருந்து

மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்காமலிருக்க நீண்ட ஓட்டம் போதுமா, குறுகிய வேக ஓட்டம் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இப்போது இரண்டையும் செய்துவருகிறேன். அமெச்சூர் போட்டியில் 3 நிமிடச் சுற்றுகள் மூன்றும், இடையே 1 நிமிட ஓய்வும் இருப்பதால், அதே அளவில் கயிறு தாண்டுவதும் பஞ்சிங் பேக்கில் குத்துவதும் ஆட்டத்துக்கு நெருக்கமாக அமைகின்றன. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு தணிய வேண்டுமானால், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் நீண்ட நேரம் ஓடிச் சேர்த்த அடித்தளம் தேவைப்படுகிறது. சேலத்துக் கோடை அதற்கு ஒத்துழைக்காது என்பதால் விடியலுக்கு முன்பே ஓடுகிறேன்.

ஏற்காட்டின் உயரம் உதவும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சுமார் 1,500 மீட்டர் என்பது இரத்தச் சிவப்பணுக்களைக் குறிப்பிடத்தக்க அளவு பெருக்கப் போதாது. அதற்கு 2,000 மீட்டருக்கு மேல் பல வாரங்கள் தங்கியாக வேண்டும். மலைப்பாதையின் உண்மையான பயன் அதன் ஏற்றம்தான்: மூட்டுகளில் அதிர்வு குறைவாக இருக்கும்போதே இதயம் கடுமையாக உழைக்கிறது. இறங்குவதற்கு மட்டும் பேருந்துதான், ஏனெனில் இறக்கத்தில் ஓடினால் தொடைத் தசைகள் வலியெடுத்து மறுநாள் ஸ்பாரிங் (இணையருடன் செய்யும் பயிற்சிச் சண்டை) கெடுகிறது. வார இறுதியில் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலா வண்டிகள் மிகுதி. எனவே வேலை நாள்களிலேயே செல்கிறேன்.