பயிற்சியில் கற்றதில் உங்கள் வகுப்பில் நின்றது எது? ஆங்கில ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

பட்டதாரி ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, விழுப்புரம் மாவட்டம்

நண்பர்களுக்கு வணக்கம். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் குறுவள மையக் கூட்டம், ஒன்றியப் பயிற்சி, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் (டயட்) தரும் பயிற்சி, இணையவழிப் பயிற்சி என்று ஆண்டு முழுக்க நமக்கு ஏதாவது ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. கையேடுகளால் அலமாரி நிறைந்துவிட்டது. அவற்றில் எது உங்கள் வகுப்புக்குள் வந்து இன்னும் அங்கேயே இருக்கிறது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். அடுத்தவர் படித்துவிட்டுத் திங்கட்கிழமையே செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

என்னிடம் நின்றது ரயில் கால அட்டவணை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, பெங்களூருவிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டத்தைப் பற்றி ஒரு பயிற்சியில் கேட்டேன். பெங்களூரு, சென்னை என்று நம் தென்னிந்தியப் பள்ளிகளிலேயே நடந்த வேலை அது. முதலில் இலக்கண விதி, பிறகு பயிற்சி என்ற வரிசையையே அவர் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு வரைபடம், ஒரு கால அட்டவணை என்று பிள்ளைகள் யோசித்துத் தீர்க்க வேண்டிய ஒன்றைக் கையில் கொடுத்தார். மனம் அதைத் தீர்ப்பதில் முனைந்திருக்கும்போது மொழி தானாக வந்து சேரும் என்பது அவர் எண்ணம். இன்று 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அதன் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று நம் பக்கத்து வகுப்பறைகளில் நடந்தது என்பதை ஒவ்வோர் ஆங்கில ஆசிரியரும் பெருமையோடு தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கு இது அப்படியே பொருந்தியது. விழுப்புரம் பெரிய ஜங்ஷன். கடலூர், மயிலாடுதுறை பக்கம் ஒரு பாதை, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. ஐந்து வண்டிகளை வைத்து நானே ஒரு சின்ன அட்டவணை போட்டேன். 'அ' தாளில் புறப்படும் நேரம் மட்டும் இருக்கும், 'ஆ' தாளில் சேரும் நேரம் மட்டும். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் தாளைக் காட்டக் கூடாது, ஆங்கிலத்தில் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: மாமா காலை பதினொரு மணிக்குள் மயிலாடுதுறையில் கல்யாண மண்டபத்தில் இருக்க வேண்டும், ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு அரை மணி நேரம் ஆகும், எந்த வண்டியில் ஏறச் சொல்வீர்கள்?

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "வாட் டைம் லீவ் விழுப்புரம்?" பக்கத்தில் இருந்தவள் "செவன் டென்" என்றாள். கேட்டவள் தன் தாளைப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள். "ரீச் டென் ஃபார்ட்டி. மண்டபம் லெவன் டென். லேட், லேட்! அதர் ட்ரெய்ன்?" என்று பரபரத்தாள். அதுவரை என்னிடம் "யெஸ் சார்" தவிர வேறு ஆங்கிலம் பேசாத பிள்ளை.

நான் குறுக்கே போகவில்லை. 'டஸ்' விட்டுப்போனதை அந்த நொடியில் திருத்தியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். குறிப்பேட்டில் மட்டும் எழுதி வைத்தேன். மறுநாள் யார் சொன்னது என்று சொல்லாமல், அந்த வாக்கியத்தையும் "வாட் டைம் டஸ் இட் லீவ் விழுப்புரம்?" என்பதையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். என்ன வித்தியாசம் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். வேறு நேரங்கள் போட்டு அட்டவணையை மறுபடி கொடுத்தேன். சிலர் வாயில் 'டஸ் இட்' வந்தது, பலருக்கு வரவில்லை. அவர்களுக்காகப் பேருந்து நேரம், கேஸ் சிலிண்டர் புக்கிங், ரேஷன் கடை திறக்கும் நேரம் என்று ஆண்டு முழுக்க அதே கேள்வி திரும்பத் திரும்ப வரும்படி அமைத்துக்கொண்டேன்.

இடைநிலை ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி, தருமபுரி மாவட்டம்

சார், நான் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு எடுப்பவள். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாக உட்கார வைக்கிறோம். அந்தப் பயிற்சிகளில் எனக்கு மிகவும் உதவியது எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியிலிருந்து தொடங்குவது.

நம் பிள்ளைகளுக்கு எங்கே தடுக்கும் என்று நமக்குத்தானே தெரியும்? 'பல்' என்னும்போதும் 'கம்பம்' என்னும்போதும் ஒரே 'ப'தான் எழுதுகிறோம், ஆனால் இரண்டு ஒலி. பிள்ளை இரண்டையும் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் புதிதாக எதையும் வாயில் திணிக்க வேண்டியதில்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'கம்பம்' சொல்லச் சொல்வேன். நடுவில் வருகிற 'ப'வைத் தனியாக எடுத்துச் சொல்லும்போது தொண்டை அதிரும். 'பல்' என்பதில் வரும் 'ப'வுக்கு அதிராது. அதிர்வது ஆங்கிலத்தில் 'பால்' என்கிற பந்துக்கு, அதிராதது 'பென்' என்கிற பேனாவுக்கு என்று பொருளையே கையில் கொடுத்துவிடுவேன். இதெல்லாம் தமிழில்தான் விளக்குவேன். ஆங்கில வகுப்பில் தமிழே வரக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏழு வயதுப் பிள்ளை புரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

இன்னொன்று, சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரம். 'கேட்டு', 'புக்கு' என்பார்கள். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் நாக்கு தானாக உகரத்தைச் சேர்க்கிறது. அதற்குச் 'சிலை' விளையாட்டு வைத்திருக்கிறேன். 'கேட்' என்று சொல்லி நாக்கு மேலண்ணத்தைத் தொட்டதும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும், மூச்சு வெளியே வந்தால் அவுட். இதை மலர் நிலைப் பிள்ளைகளே அரும்புக்காரர்களுக்கு நடத்துகிறார்கள்.

'ஃபேன்', 'ஃபிஷ்' சொல்லிக்கொடுத்த வாரம் ஒரு அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர், இவன் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டைக் கடிச்சிக்கினே இருக்கான், ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டார். மேல் பல் கீழுதட்டைத் தொட்டால்தான் அந்த ஒலி வரும் என்று அவருக்கும் சொல்லிக் காட்டினேன். வாசலிலேயே நின்று அவரும் செய்து பார்த்தார்.

பட்டதாரி ஆசிரியை, சேலம் மாவட்டம்

எல்லாம் அருமையாக இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் என்ன செய்வது? காலாண்டுக்குள் இத்தனை பாடம் முடிய வேண்டும், மெல்லக் கற்போருக்குத் தனிப் பட்டியல், தினமும் சிறு தேர்வு. ரயில் அட்டவணைக்கு எங்கே போவேன்?

பட்டதாரி ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்

மேடம், பாடப்புத்தகத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். நான் 'ரன்னிங் டிக்டேஷன்' செய்கிறேன். பொதுத்தேர்வுக்கு எப்படியும் படிக்க வேண்டிய பத்திதான். அதில் ஐந்தாறு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, வராந்தாச் சுவரில் நான்கு இடங்களில் ஒட்டிவிடுவேன். இருவர் ஓர் அணி. ஒருவர் போய்ப் படித்து, நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். பாதியில் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடக் கூடாது, நடக்க வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சத்தம் வரும்.

இதில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். சுவருக்கு முன்னால் நிற்பவன் வாசிக்கிறான். ஒரு வரி முழுதாக நினைவில் நிற்காது என்பதால் பொருள் புரிந்து துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு வருகிறான். எழுதுகிறவன் "ஸ்பெல்லிங் என்ன?" என்று விரட்டுகிறான். என் வகுப்பில் ஒரு பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "டேய், இங்க 'வாஸ்' வராதுடா, 'வேர்'தான் வரும், போய்ப் பார்த்துட்டு வா" என்று கூட்டாளியைத் திருப்பி அனுப்பினான். அந்த இலக்கணத்தை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அவன் அதைக் கேள்வியாக எழுப்பியது அன்றுதான். முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து அவர்களே திருத்திக்கொள்வார்கள், என் திருத்தும் வேலையும் குறையும். ஒரு பீரியடில் முடிந்துவிடும்.

உதவிப் பேராசிரியை, கலைக் கல்லூரி, திருநெல்வேலி

எங்களிடம் வருபவர்கள் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்துவிட்டு வருகிறார்கள். பெரும்பாலும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். விடைத்தாளில் நன்றாகவே எழுதுவார்கள், எழுந்து நிற்கச் சொன்னால் தலை குனிந்துகொள்வார்கள். அது அறியாமை இல்லை, கூச்சம். அடுத்தவர் சிரித்துவிடுவார்களோ என்கிற பயம்.

எனக்கு உதவியவை இரண்டு. ஒன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து 1970-களில் எழுதியிருக்கிறார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள்; அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். அவர் பார்த்தது தாய்மொழியில் பேசும் பிள்ளைகளை. நம் பிள்ளை தமிழில் யோசித்து, சொல் தேடி, வாக்கியம் அடுக்கி வர இன்னும் கூட நேரம் வேண்டாமா? கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நடந்து போய்த் திரும்பி வருவேன். அதற்குள் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார்.

இரண்டாவது, வாட்ஸ்அப் குரல் பதிவு. வாரம் ஒரு கேள்வி, ஒரு நிமிடத்துக்குள் பதில், எனக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும், குழுவில் போட வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி வகுப்பில் பேசியதே இல்லை. அவள் பதிவில் பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்கும், குரல் அவ்வளவு தெளிவு. "வீட்ல பத்து தடவை பேசிப் பார்த்து, பிடிச்சதை அனுப்புதேன் மேம்" என்றாள். நான் எதிர்பார்த்ததும் அந்தப் பத்துத் தடவையைத்தான். யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு பேசிப் பழகுகிறாள். நானும் குரலிலேயே பதில் அனுப்புவேன். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டு, பிழையான வாக்கியத்தைச் சரியான வடிவில் என் பேச்சுக்குள்ளேயே சேர்த்துவிடுவேன். பருவத் தேர்வுக்கு முந்தைய கருத்தரங்கில் அவள் தாள் இல்லாமல் பேசினாள்.

ஓய்வு பெற்ற ஆசிரியப் பயிற்றுநர், மதுரை

பயிற்சி கொடுத்த பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் ஒன்றியத்துக்குச் சொல்லி, ஒன்றியம் ஆசிரியருக்குச் சொல்வதற்குள், செய்து பார்க்க வேண்டிய செயல்பாடு கேட்டுக்கொள்ள வேண்டிய பவர்பாயிண்ட் ஆகிவிடுகிறது. கடைசியில் நிற்கும் ஆசிரியருக்கு அந்தச் செயல்பாட்டை ஒரு மாணவனாக இருந்து அனுபவிக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. இந்த முறை மாறினால் நம் மாநிலத்தில் ஆங்கிலக் கற்பித்தல் நிச்சயம் மாறும்.

எனக்குக் கிடைத்த நல்ல பயிற்சி பெங்களூரு ஞானபாரதியில் உள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் ஒரு மாத உண்டு உறைவிடப் பயிற்சி. 1963-ல் தொடங்கிய நிறுவனம். கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆசிரியர்கள் வருவார்கள். அறையில் என்னோடு தங்கியவர் மலையாளி, சாப்பாட்டு மேசையில் எதிரே தெலுங்குக்காரர். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லவும் ஆங்கிலம்தான். நம் ஊரில் நாம் ஆங்கிலம் கற்பிக்கிறோம், பேசுவதற்கு ஆள் கிடையாது. அங்கே பேசாமல் ஒரு நாள் ஓடாது. நம் மொழியைக் கூர்மையாக வைத்துக்கொள்ள அப்படி ஒரு தேவை நமக்கும் வேண்டும்.

அங்கிருந்து வந்து நான் ஊரில் பரப்பியது ஒன்றுதான்: பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் போய் உட்காருவது. அதிகாரியாகப் போகக் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது, குறை எழுதக் கூடாது. வகுப்பின் இருக்கைப் படத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, பிள்ளை தானாகப் பேசினால் ஒரு புள்ளி. வேறு எதுவும் எழுத வேண்டாம். மணி அடித்ததும் தாளை ஆசிரியர் கையில் கொடுத்துவிட வேண்டும், கருத்துச் சொல்ல வேண்டாம்.

மேலூர் பக்கம் ஒரு ஆசிரியையின் வகுப்பில் அப்படி உட்கார்ந்தேன். தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். முதல் இரண்டு பெஞ்சும் நடு வரிசையும் கோடுகளால் நிறைந்திருந்தன, வலது ஓரத்தில் ஒரு வரிசை முழுக்க வெறுமை. நான் எதுவும் சொல்லவில்லை. "சார், அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டார். போனபோது மேசையை அவரே வலது ஓரத்துக்கு நகர்த்திப் போட்டிருந்தார்.

சேலம் டீச்சருக்கும் இதைத்தான் சொல்வேன். உங்கள் ஒன்றியத்தில் நம்பிக்கையான ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு பீரியட் அவர் உங்கள் வகுப்புக்கு வரட்டும், ஒரு பீரியட் நீங்கள் அவர் வகுப்புக்குப் போங்கள். தலைமையாசிரியரிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.