வின்டோஸ் 11 போட்டபின் அடங்கிப்போன பழைய பிரிண்டர்கள்: திருகோணமலைப் பகிர்வு

உவர்மலையிலிருந்து

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. ஒரு போட்டோக்கொப்பி கடையில் கெனன் எல்.பி.பி. 2900 பிரிண்டர். வின்டோஸ் 11 ஏற்றி இரண்டு நாளில் அது பழைய இரும்புக்குப் போக வாசலில் வைக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க வயர் சொருகின ஒழுங்கில்.

2900க்கு கேப்ட் என்கிற கெனனின் சொந்த டிரைவர் (பிரிண்டரை வின்டோஸோடு பேச வைக்கிற மென்பொருள்) வேண்டும். 64 பிட்டுக்கு உரியது ஆர் 1.50, பதிப்பு 3.30. பிரிண்டரை முதலில் சொருகிவிட்டால் வின்டோஸ் தானாக அதை ‘யூ.எஸ்.பி. பிரிண்டிங் சப்போர்ட்’ என்று பதிந்துகொள்ளும். அதற்குப் பிறகு கேப்ட் செட்டப்பை ஓடவிட்டால் ‘பிரிண்டரை இணைத்து ஒன் பண்ணவும்’ என்ற பெட்டி வந்து அப்படியே நிற்கும். பிரிண்டரில் பச்சை லைட் எரியும், திரையில் அந்தக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் செத்துப்போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியது: வயரைக் கழட்டாமல் டிவைஸ் மனேஜரைத் திறந்து, யூ.எஸ்.பி. கொன்ட்ரோலர் பட்டியலில் அந்தப் பதிவை அன்இன்ஸ்டோல் பண்ணுங்கோ. பிறகு பிரிண்டரை ஓஃப் பண்ணி வயரைக் கழட்டி, கொம்பியூட்டரை ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. செட்டப்பைத் தொடங்கி, அந்தப் பெட்டி வந்த பிறகுதான் வயர், அதற்குப் பிறகுதான் ஒன். நீல நிற யூ.எஸ்.பி. 3 துளையை விட்டுக் கறுப்புத் துளையில் சொருகினால் தொல்லை குறைவு.

நிலாவெளியிலிருந்து

2900 பற்றிச் சொன்னது சரி. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வின்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதை. வின்டோஸ் 10 இரண்டு வகையிலும் இருந்தது, 11 இல் 64 பிட் மட்டும்தான். பழைய கொம்பியூட்டர்கள் பலவற்றில் 32 பிட்தான் ஏற்றியிருப்பார்கள். அதிலிருந்து நேரே தாவ முடியாது, துடைத்துப் புதிதாக ஏற்ற வேண்டும். டிரைவரும் அத்தோடு போய்விடும். பழைய சீடியில் இருப்பதும் 32 பிட் என்றால் அது இனி எதற்கும் உதவாது.

64 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறுகிறவர்கள், துடைக்க முன் வின்டோஸின் பி.என்.பி.யூட்டில் (pnputil) கட்டளையில் எக்ஸ்போர்ட் டிரைவர் கொடுத்து எல்லா டிரைவரையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கோ. ஐந்து நிமிட வேலை. நெற்றில் தேடி அலைவது மிச்சம்.

கிண்ணியாவிலிருந்து

எச்.பி. லேசர்ஜெட் 1020 பிரிண்டர். இதைப் பற்றி ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்த இயந்திரத்துக்குள் அதை இயக்குகிற உள் மென்பொருள், அதாவது ஃபெர்ம்வெயார், நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை கரண்ட் வந்து ஒன் ஆகும்போதும் கொம்பியூட்டர் அதை அனுப்ப வேண்டும். அனுப்பியதும் உள்ளே மோட்டர் ஒருக்கா ‘கிர்ர்’ என்று சுற்றி நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் அரைவாசி வேலை முடிந்தது. கேட்கவில்லை என்றால் டோனரை ஆட்டியும் பயன் இல்லை, தாளை மாற்றியும் பயன் இல்லை.

ஒரு பாமசியில் நடந்தது இதுதான். கொம்பியூட்டர் யூ.பி.எஸ்ஸில், பிரிண்டர் நேரே சுவரில். கரண்ட் போய் வந்தது. பிரிண்டர் வெறும் மூளையோடு எழும்பியது, கொம்பியூட்டரோ ஒன்றும் நடக்காத மாதிரி பில்லை அனுப்பிக்கொண்டிருந்தது. வரிசையில் பதினான்கு பில். வயரைக் கழட்டிப் பத்து செக்கன் விட்டுச் சொருகினதும் அந்தக் ‘கிர்ர்’. அதற்காக லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்ஸில் போட்டுவிடாதீர்கள். டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டுகிற ஃபியூசர் சூடாகும்போது இழுக்கிற கரண்டைச் சின்ன யூ.பி.எஸ். தாங்காது.

வின்டோஸ் 11 இல் டிரைவர் எடுக்க: செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ்’, ‘அட் டிவைஸ்’. கொஞ்ச நேரம் தேடியபின் கீழே ‘மனுவலாகச் சேர்’ என்ற வரி வரும். அதில் லோக்கல் பிரிண்டர், யூ.எஸ்.பி.001, பிறகு மாதிரிப் பட்டியல். பட்டியலில் 1020 இல்லையென்று மூடிவிடாமல் ‘வின்டோஸ் அப்டேட்’ பட்டனை அமத்திவிட்டுப் பொறுத்திருங்கோ. பல நிமிடம் எடுக்கும். பட்டியல் நீளமாகி வரும்போது அதற்குள் 1020 இருக்கும்.

ரூட்டரின் யூ.எஸ்.பி. துளையில் 1020ஐச் சொருகி வீடு முழுக்கப் பிரிண்ட் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஃபெர்ம்வெயார் அனுப்பப் பெரும்பாலான ரூட்டர்களுக்குத் தெரியாது. அதனால் அவற்றில் சரிவராது.

உட்துறைமுக வீதியிலிருந்து

மேலே எழுதின தம்பி யூ.எஸ்.பி.001 என்று அடித்துச் சொல்கிறார். அதில்தான் பலபேர் விழுகிறார்கள். வேறு துளையில் சொருகினால் வின்டோஸ் 002, 003 என்று புதுப் போர்ட் திறக்கும். பழைய ஐகன் 001இலேயே நின்று ‘ஓஃப்லைன்’ என்று மங்கிக் கிடக்கும். பிரிண்டர் புரொப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதியைத் திறந்து, 001, 002, 003 என்று ஒவ்வொன்றாக டிக் பண்ணி டெஸ்ட் பேஜ் அனுப்புங்கோ. எதில் தாள் இழுக்கிறதோ அதுதான்.

தேங்கிக் கிடக்கிற பிரிண்ட் அழியாவிட்டால் சேர்விசஸில், பிரிண்ட் வரிசையை நடத்துகிற ‘பிரிண்ட் ஸ்பூலர்’ஐ நிறுத்துங்கோ. வின்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே கிடப்பதை மட்டும் அழியுங்கோ. ஃபோல்டரை அழிக்க வேண்டாம். பிறகு ஸ்பூலரைத் தொடக்குங்கோ.

மூதூரிலிருந்து

அரிசிக் கடை, எப்சன் டொட் மேட்ரிக்ஸ், தொடர் தாள். அச்சு வந்தது. ஆனால் ஒவ்வொரு பில்லும் கிழிக்கும் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நடந்துபோனது. முதல் தாளில் சரி, இரண்டாவதில் ஒரு விரல் அகலம், ஐந்தாவதில் மொத்தத் தொகை அடுத்த பில்லின் தலையில். தாளைத் திருப்பித் திருப்பி மாட்டினார்கள், ஸ்புரொக்கட் பல்லைப் பார்த்தார்கள்.

புது டிரைவர் தாளை ஏ4 என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். ஏ4 நீளம் 11.69 அங்குலம், தொடர் தாள் 11. ஆகவே தாளுக்கு 0.69 அங்குலம், கிட்டத்தட்ட 1.75 சென்ரிமீற்றர், வழுக்கும். பிரிண்ட் சேர்வர் புரொப்பர்ட்டீஸில் புது ‘ஃபோர்ம்’ உருவாக்குங்கோ: அகலம் 24.13 செ.மீ., நீளம் 27.94. அரைத்தாள் பில் என்றால் நீளம் 13.97. நான்கு ஓரமும் பூச்சியம். பிறகு அந்த ஃபோர்மை டிரைவரின் டிஃபோல்ட்டிலும், பில் போடுகிற மென்பொருளிலும் இரண்டிலும் தெரிவு செய்ய வேண்டும். ஒன்றில் விட்டாலும் திரும்ப நடக்கும்.

பில் மென்பொருள் டொஸ் காலத்து 16 பிட் என்றால் 64 பிட் வின்டோஸில் அது திறக்கவே மாட்டாது. அதற்கு டொஸ் மென்பொருளை ஓட்டிக் காட்டுகிற வி டொஸ் மாதிரி ஒன்று வேண்டும். 32 பிட் மென்பொருள் எல்.பி.டி.1 என்கிற பழைய பரலல் பிரிண்டர் போர்ட்டுக்கு நேரே எழுதுகிறது என்றால், பிரிண்டரை ஷெயார் பண்ணி, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்.பி.டி.1ஐ அந்தப் பெயரோடு கட்டிவிடலாம். யூ.எஸ்.பி.–பரலல் வயர் வாங்கினதும் எல்.பி.டி.1 தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்த வயர் தருவது யூ.எஸ்.பி. போர்ட்தான்.

உவர்மலையிலிருந்து

அண்ணை, ஷெயார் என்றதும் ஞாபகம் வந்தது. இரண்டு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர் இருக்கிற இடங்களில் 11பி என்று முடியும் பிழை வரும். வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் பிரிண்ட் கிளைக்குள் போய் ஆர்.பி.சி. பிரைவசி பெறுமதியைப் பூச்சியமாக்கினால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை.

பாலையூற்றிலிருந்து

தம்பி, தயவுசெய்து அதை முதல் மருந்தாகச் சொல்லாதீர்கள். அந்தப் பூட்டு 2021இல் பிரிண்ட் ஸ்பூலரில் கண்ட ஓட்டையை அடைக்கப் போட்டது. பூச்சியமாக்கினால் ஓட்டை திரும்பத் திறக்கும். திறந்தது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது, அந்தக் கொம்பியூட்டர் அப்படியே வருடக்கணக்காக ஓடும். கணக்கு வழக்கு இருக்கிற கொம்பியூட்டரில் அது கூடாது.

முதலில் இரண்டு கொம்பியூட்டரையும் முழுதாக அப்டேட் பண்ணுங்கோ. ஒன்று புதுசு, மற்றது பழசு என்று நிற்பதால்தான் பெரும்பாலும் அந்தப் பிழை. அப்படியும் வந்தால், இரண்டாவது கொம்பியூட்டரில் பிரிண்டரை ‘லோக்கல் போர்ட்’ ஆகச் சேருங்கோ. போர்ட் பெயராக இரண்டு பின்சாய்கோடு (\\), முதல் கொம்பியூட்டரின் பெயர், ஒரு பின்சாய்கோடு (\), ஷெயார் பெயர். டிரைவரை அங்கேயே தனியாக ஏற்றுங்கோ.

இன்னொன்று. வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபின், கடவுச்சொல் இல்லாத விருந்தாளிக் கணக்கால் ஷெயாருக்குள் போக விடுவதில்லை. ‘நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை’ என்ற புலம்பலில் நிறைய இதுதான். பிரிண்டர் பூட்டியிருக்கிற கொம்பியூட்டரில் ‘அச்சு’ என்றோ வேறு எதுவோ ஒரு கணக்கு உருவாக்கிக் கடவுச்சொல் கொடுங்கோ. பின் (PIN) நம்பர் செல்லாது, கடவுச்சொல்தான் வேண்டும். மற்றதில் கிரடென்ஷல் மனேஜரில் அதைப் பதிந்து விடுங்கோ. அதே பதிப்பில் ‘வின்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்’ என்று ஒரு பட்டனும் இருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்து ஒன் பண்ணினால் நிறுவனங்களின் பழைய டிரைவர்கள் எல்லாம் ஒரேயடியாக மறையும். ஓஃப் பண்ணிவிட்டு டிரைவரைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து

பிரிண்டர் பிழையே இல்லாத ஒரு பிழை. கோயில் நோட்டீஸ், தமிழில் தட்டினது, பிரிண்ட் எடுத்தால் முழுக்க ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. டிரைவரை மூன்று முறை மாற்றிவிட்டார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் காட்டுகிற பாமினி எழுத்துரு போன கதை. வின்டோஸைத் துடைத்தபோது ஃபொன்ட்ஸ் ஃபோல்டரும் போயிற்று. பாமினி கோப்பை ரைட் கிளிக் பண்ணி எல்லாப் பாவனையாளருக்கும் இன்ஸ்டோல் பண்ணினதும் அதே கோப்பு தமிழாக வந்தது. வெளியே கொடுத்து அடிக்கிறதென்றால் எழுத்துருவை உள்ளே பதித்துப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கோ.

டொட் மேட்ரிக்ஸில் தமிழ் வேண்டுமென்றால் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவர் கூடாது. எப்சனின் சொந்த டிரைவர்தான் எழுத்தைப் படமாக அனுப்பும்.

டச்சுக் குடாப் பக்கத்திலிருந்து

எல்லாரும் மென்பொருளையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இங்கே கடல் காற்று இருக்கிறது. ஒரு 2900இல் அப்டேட்டுக்குப் பிறகு ‘டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்’ என்று வந்தது. அப்டேட்தான் கெடுத்தது என்று எல்லாருக்கும் எண்ணம். டோர்ச் அடித்துப் பிரிண்டரின் சதுர யூ.எஸ்.பி. துளைக்குள் பார்த்தால் நான்கு தகட்டில் இரண்டில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. அத்தனை மாதமும் கழட்டாத வயர், அப்டேட்டுக்காகக் கழட்டித் திரும்பச் சொருகினதும் தொடுகை விட்டுவிட்டது.

கரண்டைக் கழட்டி, பழைய பல் பிரஷ்சில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் இரண்டு சொட்டு விட்டு மெதுவாகத் தேய்த்து, பத்து நிமிடம் காயவிட்டுப் புது வயர் போடுங்கோ. வயர் ஐந்து மீற்றருக்குக் கூட வேண்டாம், இரண்டு மீற்றருக்குள் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும். ஒக்டோபர் தொடங்கித் தை வரைக்கும் மழைக் காலத்தில் 2900இன் தட்டில் 150 தாளையும் அடுக்கி வைக்காமல் அன்றைக்கு வேண்டிய நாற்பது, ஐம்பதை மட்டும் வையுங்கோ. மிச்சத்தைக் கட்டின் உறைக்குள்ளேயே இறுக்கி மூடி வையுங்கோ. ஈரத் தாளில் டோனர் சரியாக ஒட்டாது, விரலால் தடவினால் எழுத்து கையோடு வரும். அப்போது ஃபியூசரை மாற்றச் சொல்லுவார்கள். முதலில் புதுக் கட்டிலிருந்து ஒரு தாளைப் போட்டுப் பாருங்கோ.

கிண்ணியாவிலிருந்து

எச்.பி. பி1102 வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி. சொருகினதும் பிரிண்டருக்குப் பதிலாக சீடி டிரைவ் ஒன்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். ‘ஸ்மார்ட் இன்ஸ்டோல்’ என்று பிரிண்டரே தன்னை சீடியாகக் காட்டிக்கொள்கிறது. அதற்குள் இருப்பது பழைய டிரைவர். 64 பிட் டிரைவரைத் தனியாக ஏற்றி, அதோடு வருகிற கருவியால் ஸ்மார்ட் இன்ஸ்டோலை நிறுத்திவிட்டு, பிரிண்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்கோ. சீடி மறைந்து பிரிண்டர் வரும்.