23 புதியவர்கள், ஆறு வகுப்பு: பின்னல் கோலாட்டம் சரிப்படுமா?

இடதுகால்:
பத்து வயதுப் பிள்ளையிலிருந்து அறுபது தாண்டியவர்கள் வரை 23 பேர் சேர்ந்திருக்கிறார்கள். யாரும் இதுவரை ஆடியதில்லை. ஆறு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், கடைசியில் சின்னதாக ஒரு மேடை. பின்னல் கோலாட்டம் போட ஆசை. மேலிருந்து தொங்கும் கயிறுகள் ஆட ஆடச் சடை மாதிரி பின்னிக்கொண்டு இறங்குவது பார்க்க அவ்வளவு அழகு. அடவுகளை, அதாவது ஆட்ட அசைவுகளை, குறைத்துக்கொண்டால் முடியுமா?

கும்மிக்காரி:
முடியாது. முதலில் 23 ஒற்றைப்படை, அந்த ஆட்டத்துக்கு இரட்டைப்படை வேண்டும். அது போகட்டும், ஒருவரை வெளியே நிறுத்திச் சமாளிக்கலாம். பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் எதிர்ப்பக்கமும் சுற்றி, ஒருவரை உள்ளே விட்டு அடுத்தவரை வெளியே விட்டுப் போக வேண்டும் இல்லையா? யாராவது ஒருவர் மாறிப் போனால் போதும், சடை கெட்டுவிடும். அப்புறம் எல்லாரும் வந்த வழியே திரும்ப ஆடித்தான் அவிழ்க்க முடியும். தப்பு விட்டவர் யார் என்று மொத்தக் கூட்டமும் பார்க்கும்.

தொடக்க ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒருவர் தப்பு விட்டால் எத்தனை பேர் நிற்க வேண்டியிருக்கிறது? கும்மியில் யாரும் நிற்க வேண்டாம். வட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், அடுத்த கைதட்டில் சேர்ந்துகொள்ளலாம்.

சலங்கை:
எப்போது பார்த்தாலும் கும்மி! இரண்டாவது வகுப்பிலேயே இளசுகள் கொட்டாவி விடும், நாலாவதுக்கு வராது. கொஞ்சம் சவால் இருந்தால்தான் கூட்டம் நிற்கும். கோலாட்டத்தைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் வாரம் கோல் வேண்டாம், எதிரே இருப்பவர் உள்ளங்கையில் தட்டட்டும். அடுத்த வாரம் கோல், நின்ற இடத்திலேயே. மூன்றாம் வாரம்தான் நடை. இல்லையென்றால் ஒயிலாட்டம் எடுங்கள், கையில் ஒரு துணி, நாலே அடவு. பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கற்றுக்கொடுத்தால் எந்தக் குதியும் வந்துவிடும்.

கும்மிக்காரி:
அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் நம்பிவிடாதீர்கள். நான் பட்டிருக்கிறேன். பாட்டை மெதுவாக்கிக் குதி சொல்லிக்கொடுத்தேன், அத்தனை பேரும் தாளத்தின் அடி விழுவதற்கு முன்பே தரைக்கு வந்துவிட்டார்கள். பாட்டு மெதுவானால் நாம் காற்றில் மெதுவாக இறங்குவோமா என்ன? அடுத்த அடி வரைக்கும் அந்தரத்தில் நிற்க இன்னும் உயரம் எழும்ப வேண்டும், அது பழகியவருக்கே கஷ்டம். அன்றைக்கு ஒரு அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வேகம் குறைத்தால் குதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மிதியோ, காலை லேசாகத் தூக்குவதோ வையுங்கள். அடி அதே இடத்தில் விழும். வேகம் ஏறிய பிறகு குதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சலங்கை:
சரி, குதி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். கும்மி விஷயத்தில் இல்லை.

பழையதாளம்:
இரண்டு பேரும் வெட்டிக்கொண்டே போகிறீர்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிப்பதுதான் ஒயிலாட்டத்தின் உயிர். குதியும் இல்லை, வேகமும் இல்லை என்றால் அது துணி வீசிக்கொண்டு நடப்பது. கைக்கு வரும் ஆட்டத்தை முழுசாக ஆடுங்கள், வராததை விடுங்கள். சுருக்கிவிட்டு அதே பெயரில் மேடையேற்றாதீர்கள்.

கும்மிக்காரி:
ஒரே கும்மி ஊருக்கு ஊர் வேறு மாதிரிதான் இருக்கிறது. ஒரே வட்டத்திலேயே வயதானவர் இடுப்பளவில் தட்டுவார், சின்னப் பெண் தரை வரைக்கும் குனிந்து தட்டும். இதில் முழுசு எது சொல்லுங்கள்? நான் கை வைக்காதது இரண்டு: தாளமும் நிற்கும் அமைப்பும். கும்மிப் பாட்டு பெரும்பாலும் மும்மை நடை, தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகும். அதை நாலாக்கி நிமிர்த்தினால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.

கடைசிவரிசை:
சொல்லிக்கொடுப்பவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கற்றுக்கொண்டவன். எனக்கு அடவு ஒருநாளும் பிரச்சினை இல்லை. ஆசிரியர் எங்களைப் பார்த்து நின்று "வலது" என்பார், அவர் வலது எனக்கு எதிர்ப்பக்கம். பாதிப் பேர் வாயைக் கேட்டோம், பாதிப் பேர் காலைப் பார்த்தோம், நடுவில் மோதிக்கொண்டோம். வட்டத்துக்குள் அவரும் ஒருவராக நின்று "உள்ளே, வெளியே" என்று சொல்ல ஆரம்பித்த அன்றைக்கு எல்லாம் சரியானது.

இன்னொன்று. கிரேக்கர்களின் கலமத்தியானோஸ் என்ற ஆட்டம் ஏழு அடித் தாளம், மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரியும், பன்னிரண்டு காலடி. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். "நீளம், குட்டை, குட்டை" என்று மட்டும் சொல்லிக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அரைமணியில் வந்துவிட்டது, அது ஏழு என்று அப்புறம்தான் தெரியும். அதனால் புதியவருக்குச் சவாலே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை அக்கா. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் போதும்.

கும்மிக்காரி:
அந்தக் கை இருக்கிற ஆட்டத்தைத்தானே தம்பி நானும் எடுக்கச் சொல்கிறேன். கயிறும் கோலும் பிடித்த கை யாரைப் பிடிக்கும்?

இடதுகால்:
முதல் வகுப்பு முடிந்தது. 23 பேருக்கும் கும்மி, நான் வட்டத்துக்குள்ளேயே நின்றேன். பிறகு ஆர்வமாக இருந்த எட்டுப் பேரை மட்டும் நிறுத்தி, கயிறு இல்லாமல், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நடக்கவிட்டேன். மூன்று தடவை முட்டிக்கொண்டார்கள், நாலாவது சுற்று சரியாக வந்தது. அடுத்த வாரம் கயிறு கட்டலாமா?

சலங்கை:
கட்டுங்கள். எட்டுக் கயிறும் எட்டு நிறத்தில் இருக்கட்டும், எங்கே மாறியது என்று உடனே தெரியும்.

கும்மிக்காரி:
யார் மாறினார் என்றும் தெரியும். இரண்டே நிறம் போதும், ஒரு திசைக்கு ஒன்று.